எங்கள் வட்டத்துக்கு மேய்ப்பர் தேவையில்லை

என் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளிப் படிப்பு முடித்தபோது அம்மா வாங்கிக் கொடுத்த பரிசுத்த வேதாகமம். மற்றது, கல்யாணத்தன்று மாமியார் கையில் கொடுத்த திருவிவிலியம். ஒன்றில் கர்த்தர், மற்றதில் ஆண்டவர். ஒன்றில் சுவிசேஷம், மற்றதில் நற்செய்தி. அம்மா வீட்டில் நான் செய்தது ஜெபம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது செபம் ஆகிவிட்டது.

நான் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்து ஆர்.சி. வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நிச்சயத்தன்று பெரியவர்கள் பேசி முடித்த விஷயங்களில் நகை, சீர், மண்டபச் செலவு இவற்றோடு என் சபையும் இருந்தது. "பொண்ணு எங்க கோயிலுக்கு வந்துரும்ல?" என்று கேட்டார்கள். "வந்துரும்" என்று அப்பா சொன்னார். உள்ளறையில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை எங்கள் ஆலயத்துக்கு வருவாரா என்ற கேள்வி யாருடைய வாயிலும் வரவே இல்லை.

வத்திராயிருப்பில் கிறிஸ்தவப் பெண்கள் பத்துப் பேரை உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். பிறந்த வீட்டில் ஒரு சபை, புகுந்த வீட்டில் இன்னொன்று. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ புருஷன் குடித்துச் சீரழிந்தாலோ பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே கூட்டத்தில் முழங்கால் போட்டு அழுதது தனி. பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் சொல்வார்கள். ஆண் பெரும்பாலும் ஞானஸ்நானம் வாங்கிய இடத்திலேயே இருந்து செத்து, அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்திலேயே புதைகிறான். பெண்தான் சபை விட்டுச் சபை போகிறாள். மூன்று விதப் பாட்டும் அவளுக்குத் தெரியும். முன்னால் நிற்கும் மனிதரை ஐயர் என்று எங்கே கூப்பிட வேண்டும், சாமி என்று எங்கே, பாஸ்டர் என்று எங்கே என்பதும் தெரியும். சபைகளின் ஐக்கியம் என்று மேடையில் பேசுகிறார்களே, அந்த ஐக்கியத்தைச் செலவுக் கணக்கு எழுதாமல் சுமந்துகொண்டிருப்பவள் அவள். ஐக்கியக் கூட்ட அழைப்பிதழில் அவள் பெயரைத் தேடினால் "தேநீர் ஏற்பாடு: பெண்கள் ஐக்கியம்" என்று கடைசி வரியில் இருக்கும்.

இந்தப் பிரிவுகளை யார் உண்டாக்கினார்கள் என்பதையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கம் அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கு. 1854-இல் ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி கூட்டாளிகளோடு வந்து ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பிரசங்கம் செய்தார். 1858-இல் சிவகாசியில் இறந்துபோனார். வடக்கே மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷன். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வராமல் மிஷன்கள் ஊர்களைப் பிரித்துக்கொண்டன. நம் பாட்டிகளின் பாட்டிகள் எந்தச் சபை என்பதை அவர்கள் குடியிருந்த ஊர் தீர்மானித்தது. பிறகு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. உலகமே பாராட்டிய இணைப்பு அது. ஆனால் அந்தத் திருச்சபையிலேயே ஒரு பெண் குருப்பட்டம் பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா வந்தது 2013-இல். கத்தோலிக்கத் திருச்சபையில் அந்தக் கதவு இன்றுவரை திறக்கவில்லை. ஆண்கள் பிரிந்தபோதும் கேட்கவில்லை, சேர்ந்தபோதும் கேட்கவில்லை.

எங்கள் வட்டம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை. ராஜபாளையம் பக்கம் மில்லுக்குப் போகும் ஒரு தங்கச்சி, தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் ஒரு மதினி, டியூஷன் எடுக்கும் நான், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. கிருஷ்ணன்கோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசிப் பேசிப் பழக்கம். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு யாராவது ஒருத்தி வீட்டில் கூடி வாசிப்போம் என்று முடிவு செய்தோம். பதினோரு பேர் சேர்ந்தோம். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே, எந்தச் சபையிலும் பெயர் இல்லாமல் வீட்டிலேயே ஜெபிக்கிறவர்கள் என்று எல்லாரும்.

முறை மிகவும் எளிது. ஒரு பகுதியை ஆளுக்கு ஒரு வசனமாக, அவரவர் பைபிளிலிருந்தே சத்தமாக வாசிப்போம். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் மனதில் தைத்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு. எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. பிரசங்கம் கூடாது. இதில் பெரும்பகுதி நாங்கள் கண்டுபிடித்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையத்தில் உருவான ஏழு படி முறை, நம்மூர்க் கத்தோலிக்க அன்பியங்கள் வழியாக ஆர்.சி. பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பேச்சுக்கு முறை வைத்தது மட்டும் நாங்கள் சேர்த்தது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் மதினிக்கு இந்த முறையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை காதால் கேட்டால் எந்த வசனத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கே திருத்தம் சொல்லுவார்.

எல்லாரும் ஒரே பைபிள் வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காதே என்று முதல் வாரமே ஒருத்தி கேட்டாள். குழப்பம்தான் எங்களுக்கு லாபமாக முடிந்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்று ஒரு பெண் வருகிறாள். என் அம்மா கொடுத்த பைபிளில் அவள் ஊழியக்காரி. மாமியார் கொடுத்ததில் திருத்தொண்டர். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் தியாகோனோஸ். பவுல் தன்னைப் பற்றிச் சொல்லவும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஊழியக்காரி என்றதும் கோயில் பெருக்குகிற அம்மா என்று நினைத்திருந்தேன் என்றார் தோப்பு மதினி. இரண்டு மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததால்தான் இந்தப் பேச்சு வந்தது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்புதான் திருவிவிலியம். ஆனால் நான் பிறந்த பக்கத்து ஆலயங்களில் அதை இன்னும் ஆர்.சி. பைபிள் என்றே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

இப்படித்தான் சூசன்னாவும் எங்களிடம் வந்தாள்.

அன்றைக்குத் தானியேல் புத்தகம். எங்கள் பைபிளில் பன்னிரண்டு அதிகாரத்தோடு முடிந்துவிடும். எங்களுக்கு 66 புத்தகம், கத்தோலிக்கருக்கு 73. "எங்க பைபிள்ல தானியேல் கதை இன்னும் இருக்கே, சூசன்னா கதை தெரியாதா உங்களுக்கு?" என்று ஆஸ்பத்திரி அக்கா கேட்டார். தெரியாது. எங்களில் ஆறு பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. திருவிவிலியத்தில் இணைத்திருமுறைப் பகுதியை எடுத்து வாசித்தார்.

தோட்டத்தில் குளிக்கப் போன பெண்ணை இரண்டு முதியவர்கள் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். இருவரும் மக்களின் நடுவர்கள். எங்களுக்கு இணங்கு, இல்லாவிட்டால் ஓர் இளைஞனோடு உன்னைப் பார்த்தோம் என்று சாட்சி சொல்வோம் என்று மிரட்டுகிறார்கள். அவள் கத்துகிறாள். மறுநாள் ஊர் கூடுகிறது. மூப்பர்கள் சொன்னதாலேயே ஊர் நம்புகிறது, மரண தண்டனை விதிக்கிறது. கடைசியில் தானியேல் என்ற இளைஞன் வந்து, முதியவர்களைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்கிறான். ஆளுக்கு ஒரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

அமைதிக்கு விட்ட நேரம் முடிந்தும் யாரும் பேசவில்லை. பிறகு மில்லுக்குப் போகும் தங்கச்சி சொன்னாள்: "கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஒரு கேள்விகூடக் கேக்கலையேக்கா."

எத்தனை வருடம் ஞாயிறு பள்ளி, எத்தனை நற்செய்திக் கூட்டம், எத்தனை தியானம்! தானியேலின் ஞானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்கள் இருக்கிறார்கள். சூசன்னாவின் கற்பைப் புகழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்பின்னிங் ஷெட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு அது முதல் வாசிப்பிலேயே தெரிந்தது. மேஸ்திரி சொல்வதை மேனேஜர் நம்புவார், தன்னிடம் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

அடுத்த வாரம் எங்களில் ஒருத்தி வாய் திறந்தாள். சின்ன வயதில் தனக்கு நடந்ததைச் சொன்னாள். ஆராதனையில் முன்வரிசையில் உட்காரும் ஒரு பெரிய மனிதரைப் பற்றி. எந்த ஊர், எந்தச் சபை என்று இங்கே எழுத மாட்டேன். அது அவளுடைய கதை, எப்போது யாரிடம் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அன்றைக்கு நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். "உனக்கு என்ன வேணும்?" என்று அவளிடமே கேட்டோம்.

இதற்குப் பிறகுதான் எங்கள் ஆவிக்குரிய வளர்ச்சியில் பலருக்கும் அக்கறை வந்தது. யாரோ ஒருத்தி புருஷனிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, வார்த்தை வெளியே போய்விட்டது. மூன்று பக்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ளாதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசினார்கள். பெண்கள் வேதம் வாசிப்பது சந்தோஷம்தான், ஆனால் மேற்பார்வைக்கு ஒரு மேய்ப்பர் வேண்டும், வருகைப் பதிவேடு வேண்டும், என்ன பாடம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவைதான் நிபந்தனைகள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

மேய்ப்பர் இல்லாமல் வாசித்தால் தவறான உபதேசம் வந்துவிடும் என்றார்கள். இதுவரை வந்த எந்தத் தவறான உபதேசத்தைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உண்டாக்கினார்கள்? எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மனைவிகள் கணவருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதியை எத்தனை கல்யாணத்தில் கேட்டிருப்பீர்கள்? அது 22-ஆம் வசனம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்வது 21-ஆம் வசனம். நான் போன கல்யாணங்களில் வாசிப்பை 22-இலிருந்துதான் தொடங்கினார்கள். ஒரு வசனம் முன்னால் தொடங்கியிருந்தால் எத்தனை பெண்களின் முதுகு தப்பியிருக்கும்! அப்படி வாசித்தவர்கள் எல்லாரும் வேதம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

வருகைப் பதிவேடு கேட்டார்கள். தலித் ஒருவர் கிறிஸ்தவர் என்று பதிந்தால் பட்டியல் சாதி உரிமை போய்விடும் என்ற நிலை 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையிலிருந்து வருகிறது. பிள்ளையின் படிப்புக்காகச் சான்றிதழில் ஒன்றும், மனதில் ஒன்றுமாக வாழும் பெண்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதி யார் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள்? எங்களுக்கு ஒருவரை ஒருவர் முகம் தெரியும், அது போதும்.

சபைக்குள் பிரிவினை வரும் என்றார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. இந்த ஆறு பேருக்குள் எத்தனை மதில்! ஒவ்வொன்றையும் கட்டியவர்கள் ஆண்கள். அதில் ஒரு சந்து திறந்து பெண்கள் போய்வந்தால் அதற்குப் பெயர் பிரிவினையா?

இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பற்றியும் சொல்லாமல் இருந்தால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். இந்தப் பக்கம் சபைப் பெயரைச் சொன்னால் பல நேரம் தெருப் பெயர் தெரிந்துவிடும். தெருப் பெயர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்தபோது நாலு வாரம் பதினோரு பேரும் வந்தோம். ஐந்தாவது வாரம் தோப்பு மதினியின் வீடு. அன்றைக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி வீட்டுக்கு விருந்தாளி, ஒருத்திக்குச் சதுரகிரிக் கூட்டத்தால் பஸ் கிடைக்கவில்லையாம். நான் போனேன். ஆனால் பையில் தண்ணீர் பாட்டிலோடு போனேன். மற்ற வீடுகளுக்கு நான் பாட்டில் கொண்டுபோனதில்லை என்பதை மதினிதான் கவனித்தார். "டீச்சரு, எங்க வீட்டுலயும் பிளவக்கல் தண்ணிதான் வருது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அந்தச் சிரிப்பை மறக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன். அன்று வாசித்த பகுதி, சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட இடம். சேர்ந்து வாசித்தால் தானாகச் சமத்துவம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யார் வீட்டில் வாசிக்கிறோம், யார் டம்ளரில் குடிக்கிறோம் என்பதில்தான் அது தெரியும். மறுவாரமும் மதினி வீட்டிலேயே கூடுவது என்று முடிவு செய்தோம். வராதவர்களில் மூன்று பேர் வந்தார்கள்.

இதைப் படிக்கும் பெண்ணியத் தோழிகள் சிலருக்கு வேறொரு கேள்வி இருக்கும். மாணவிகள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்: பெண்ணை அடிமைப்படுத்தும் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வரவேண்டியதுதானே, ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? நியாயமான கேள்விதான். வெளியே வந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மில் ஷிப்டுக்கும் வீட்டு அடுப்புக்கும் நடுவில் எங்கள் தங்கச்சிக்கு யாரிடமும் காரணம் சொல்லாமல் வெளியே வரக் கிடைக்கும் நேரம் வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். "ஜெபத்துக்குப் போறேன்" என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் அந்த வீட்டில் கதவு திறக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை முன்னால் நிற்கும் மனிதரிடம் விட்டுவிடச் சொல்கிறீர்களா? அவள்மேல் தினமும் வீசப்படும் வசனம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

இதற்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். பண்டிதை ரமாபாய் மூலமொழிகளைக் கற்று பைபிளை மராத்தியில் தானே மொழிபெயர்த்தார். எளிய பெண்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். கேட்கான் முக்தி மிஷன் அச்சகத்தில் அச்சுக் கோத்ததும் பெண்களே. தென்னாப்பிரிக்காவில் தாவீதின் மகள் தாமாரின் கதையைப் பெண்கள் குழுவாக வாசிக்கத் தொடங்கி, வீட்டுக்குள் நடக்கும் பாலியல் வன்முறைக்கு எதிரான இயக்கமாகவே அதை வளர்த்தார்கள். அவ்வளவு தூரம் ஏன், பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் ஒருத்தி வாசலில் ஒருத்தி போய் நின்று, தூங்குகிறவளை எழுப்பி, எல்லாரும் சேர்ந்து போவதுதானே திருப்பாவை. அந்த வரிசைக்கு முன்னால் மேற்பார்வையாளர் யாரும் நடக்கவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பெண்கள் கூடி வாசிக்கும் இடத்துக்குள் அழைக்காமல் வராதீர்கள். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலகப் பெண்கள் நடத்தும் ஜெப நாளிலாவது செய்தி கொடுக்கும் மைக்கைப் பெண்களிடம் விட்டுவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் அந்தக் குழு இருக்கிறதா, உறுப்பினர் பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? ஞாயிறு பள்ளிக்கும் பாடகர் குழுவுக்கும் வரும் பெண் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? எங்கள் பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேய்ப்பர் வேண்டாம் என்று நாங்கள் சொன்ன வாரம் நாலு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்திக்கு மகள் கல்யாணம் வருகிறது, அதற்குச் சபைக் கடிதம் வேண்டும். இன்னொருத்தியின் புருஷனுக்குச் சபை நடத்தும் இடத்தில் வேலை. இப்போது ஏழு பேர். வாய் திறந்தவள் இந்த ஏழில் இருக்கிறாள். அவள் என்ன செய்ய நினைக்கிறாள் என்று இன்னும் சொல்லவில்லை, நாங்கள் அவசரப்படுத்தவும் இல்லை.

வருகிற ஞாயிறு யூதித்து. அதுவும் என் அம்மா கொடுத்த பைபிளில் இல்லாத புத்தகம்தான். ஆஸ்பத்திரி அக்கா தன் பிரதியைக் கொண்டுவருவார். தோப்பு மதினி வீட்டில், நாலு மணிக்கு. நான் பாட்டில் கொண்டுபோக மாட்டேன்.